கம்பியும் பசியும்

தளர்ந்துபோன இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். சென்னையிலும் பத்தாண்டுகளுக்கு மேலாக இது நடந்துவருகிறது. பம்புக்கு நான்கைந்து வாட் மின்சாரம் போதும். ஆனால் இடைவிடாமல் வேண்டும். உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாட்டரியிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது.

அந்தத் துளை முழுசாக மூடுவதேயில்லை. எந்தக் காயத்தையும் மூடப் பார்ப்பது உடம்பின் சுபாவம்; இங்கே கம்பி விடுவதில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டே கிருமிகள் உள்ளே இறங்குகின்றன. குமாரலிங்கபுரம் போன்ற ஒரு கரிசல் ஊரில் இப்படி ஒருவர் இருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். கோடை, புழுதி, வியர்வை. முங்கிக் குளிப்பது இனி இல்லை. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்து பழகிய சம்சாரிதான் அவர். இப்போது கிணற்றோடு நெஞ்சும் அந்த வரிசையில் நிற்கிறது.

கம்பியை ஒழிக்கும் முயற்சி பழையது. வெளியே ஒரு சுருள், தோலுக்கடியில் ஒரு சுருள். ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் மின்சாரமாகிறது. 1999இல் ஜெர்மனியிலும், 2001இல் அமெரிக்காவின் லூயிவில்லில் முழுச் செயற்கை இதயத்துக்கும் இதைச் செய்தார்கள். சுருள்கள் சற்று விலகினால் வரத்துக் குறையும், தோல் சுடும். உள்ளே வைத்த பாட்டரியோ அரைமணி தாங்கினால் அதிகம். 2018இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் மார்பைச் சுற்றி ஒரு பட்டை, உள்ளே நுரையீரலைச் சுற்றி ஒரு வளையம் என்று செய்துபார்த்தார்கள். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சில மணிநேரம் நடமாட முடிந்தது. இன்னும் பரவலாகப் பொருத்தப்படுவது கம்பி வைத்த பம்புதான்.

டாக்டர்களுக்கு இது கிருமிப் பிரச்னை. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கம்பி வைத்த பம்பை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு கையின் வேலை. யாரோ பிடுங்குவார்கள். பட்டை வந்துவிட்டால் எதையும் செய்ய வேண்டாம். கட்டாமல் இருந்தால் போதும், பாட்டரி தானே தீரும். அது கருவியை அகற்றுவதா, உண்ணாதிருப்பதா?

சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. தீராத நோயாளி உயிர்காக்கும் கருவிகளை வேண்டாமென்று சொல்லலாம் என்றது உச்சநீதிமன்றம், 2018இல். 2015இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், ஜைனர்கள் உண்ணாதிருந்து உயிர்விடும் சந்தாராவைத் தற்கொலை என்றது. அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை நாம் தற்கொலை என்று சொல்வதில்லை. அரசன் என்பதால் அந்தச் சலுகையோ என்னவோ.

பட்டையைப் பசியின் பக்கம்தான் வைப்பேன். தினமும் வேளை பார்த்து உடம்பு வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது உணவுதான், அது வாட் கணக்கில் வந்தாலும். மறுக்கும் உரிமை அப்போது அவருடையது, டாக்டருடையதல்ல. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பில் கட்டாத வீட்டில் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவது, அந்த வீட்டைப் பொறுத்தவரை, தட்டைப் பிடுங்குவது. கருவி என்று சொல்லும்வரை இது நுகர்வோர் விவகாரம். உணவு என்றால் அப்படித் தப்பிக்க முடியாது.

பட்டையை அவருக்குக் கட்டிவிடுவது யார்? பெரும்பாலும் மனைவியாகத்தான் இருக்கும். சோறு போதும் என்றால் இன்னும் ஒரு கை என்று வைக்கிறவள். இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லும்போது, பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள்.