வலிக்காத விரல்

கடவுள் நல்லவர், அவர் சர்வ வல்லவர், ஆனாலும் உலகில் தீமை இருக்கிறது. இம்மூன்றும் எப்படி ஒத்துப்போகும் என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய கேள்வி. தீமை தனியொரு பொருளன்று, நன்மையின் குறைவே. மனிதன் தன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது நுழைந்தது என்றார் ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீன். கொலைக்கும் கொள்ளைக்கும் இந்தப் பதில் போதும். நோய்க்குப் போதாது.

நோயைப் பற்றிய வேறொரு பதில் வேலூரில் கிடைத்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். தரையில் ரத்தம் சொட்டியது. அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் நோயாளிகளின் விரல்களை எலிகள் கடித்ததும் இப்படித்தான். காவலுக்குப் பூனைகள் கொடுக்க வேண்டியதாயிற்று. விரல்களை நோய் தின்பதில்லை, வலி உணர்வு போனதால்தான் அவை அழிகின்றன என்று அவர் நிறுவினார்.

பின்னர் அமெரிக்காவில் செயற்கை வலிக் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். ஓசை எழுப்பினால் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்அதிர்ச்சி கொடுத்தால், வேலை முடியும்வரை கருவியை நிறுத்திவைத்தார்கள். நிறுத்தும் விசை மனிதன் கையில் இருக்கும்வரை வலி அவனைக் காக்காது என்பது தெரிந்தது. வலியைக் கடவுளின் கொடை என்றே பிராண்ட் எழுதினார்.

ஆனால் எல்லா வலிக்கும் இதைச் சொல்லிவிட முடியாது. புற்றுநோயின் கடைசி நாட்களில் வரும் வலி எதையும் காப்பதில்லை. பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி, கொல்லிமலையில் மருத்துவமும் ஊழியமும் செய்துவந்தவர், 1929-இல் காய்ச்சலில் இறந்தார். அந்தச் சாவுக்கு யார் காரணம் சொல்ல முடியும்?

விவிலியமும் சொல்வதில்லை. துன்பம் பாவத்தின் சம்பளம் என்று யோபுவிடம் வாதாடிய நண்பர்களைக் கடவுளே கண்டித்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார் இயேசு. நோயாளியின் கட்டிலருகே நின்று "என்ன பாவமோ!" என்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு, அவர்களுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. துன்பத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்காமல், சிலுவையில் அதைத் தானும் பட்டார் கடவுள் என்பதே கிறிஸ்தவம் முடிவாகச் சொல்வது.

ஜெஸ்ஸியை இழந்த அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட் ஊழியத்தை விட்டுவிடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைமக்களிடையே பணிசெய்து, 1974-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.