கண்ணாடிக்குள் வலம்புரி

கீழவாஞ்சூர்க் கடற்கரையில், அலை வாங்கிப்போன ஈரமணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இடது, வலது, இடது. ஒரு இடது தடத்தை அப்படியே முன்னே நகர்த்தினால் அடுத்த இடது தடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது இடப்பெயர்வு. வலது தடத்தில் உட்கார வைக்க அது போதாது. நகர்த்திவிட்டுப் பக்கமும் மாற்ற வேண்டும். எதிரொளிப்பும் சேர வேண்டும். இரண்டையும் ஒரே அடியில் செய்துகொண்டுதான் நடக்கிறோம்.

*

மகளுக்குப் பள்ளியில் இதே பாடம். அட்டையில் ‘ட’ எழுத்தை, நிற்கும் கோடு குட்டையாகவும் கிடக்கும் கோடு நீளமாகவும் வெட்டிக் கொடுத்தேன். கண்ணாடியில் அதைக் காட்டி, “இதே மாதிரி மேசை மேல கொண்டு வா. தள்ளலாம், சுத்தலாம், தூக்கக் கூடாது” என்றேன். வெகுநேரம் சுற்றிப் பார்த்தாள். வரவில்லை. கடைசியில் எடுத்துக் குப்புறப் போட்டாள்.

“தூக்கினாத்தான்பா வருது.”

அவள் சொன்னதுதான் பாடம். இரண்டு கோடும் சம நீளமாக இருந்திருந்தால் சுற்றினாலே வந்திருக்கும். அந்த வடிவத்துக்கு அதன் கண்ணாடி உள்ளேயே இருக்கிறது.

*

முடிதிருத்தும் கடை. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒன்று. முதல் பிம்பத்தில் கைக்கடிகாரம் வலது கைக்குப் போயிருந்தது. அதற்குள் தெரிந்த இரண்டாவதில் மறுபடி இடது கையில். எதிரெதிர்க் கண்ணாடிகளில் இருமுறை எதிரொளித்தால் வெறும் இடப்பெயர்வு. நகரும் தூரம், கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்கு.

*

சங்கை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் காலங்காலமாகச் சங்கு குளித்திருக்கிறார்கள். எடுத்து வருவதில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக மிக அரிது. அளவும் வளைவும் ஒத்த இரண்டை அருகருகே வைத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்.

உயிரியலார் வலம்புரியை இடச்சுருள் என்கிறார்கள். அவர்கள் சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். வாய் இடப்பக்கம் தெரிகிறது. நம்மவர்கள் முனையைக் கீழே வைத்துப் பார்த்தார்கள், வாய் வலப்பக்கம். 180 பாகை சுழற்சி பெயரை மாற்றிவிட்டது, சங்கை மாற்றவில்லை. எத்தனை சுழற்றினாலும் வலம்புரி வலம்புரிதான்.

அட்டையைக் குப்புறப் போட மேசைக்கு மேலே இடம் இருந்தது. சங்கைப் புரட்டிப்போட எங்கே போவது? நான்காவது பரிமாணம் ஒன்று இருந்தால் முடியும் என்று கணிதவியலர் மோபியஸ் 1827-இல் எழுதினார். நாம் வாழும் வெளியில் அதற்கு வழி கிடையாது.

வீட்டில் சாதாரணச் சங்கு ஒன்று இருந்தால் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே தெரிவது வலம்புரி.