செப்பனிடுவோனின் அறம்

சுழல்துப்பாக்கியின் உருளையைத் திருப்பும் சிறுநெம்பு தேய்ந்தால், தோட்டா அறை குழலுக்கு நேராக வந்து நில்லாது. அந்நிலையிற் சுட்டால் சன்னத்தின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டிற் சிதறும், சுடுவோனே காயமுறலாம். கம்மியன் புதிய நெம்பைப் பொருத்துகிறான். ஆபத்து நீங்கியதா, இடம் மாறியதா?

“திருத்துவது என் தொழில், பழி பயன்படுத்துவோனையே சாரும்” என அவன் கூறலாம். ருஷிய ஆயுத வடிவமைப்பாளர் மிகயீல் கலாஷ்னிக்கோவும் தமது துப்பாக்கிபற்றி நெடுங்காலம் இவ்வாறே வாதாடினார். எனினும் 2012 இல், அதனால் மாண்டோரின் பழி தம்மையும் சாருமோ என வினவி, ருஷியத் திருச்சபையின் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

வடிவமைப்போன் சுடுவோனின் முகத்தைக் காண்பதில்லை; செப்பனிடுவோன் காண்கிறான். காவலாளியும் அவனிடம் வருவான். பகைமுடிக்கப் புறப்பட்டவனும் வருவான். ஆதலாற் செப்பனிடுதல் யாவும் குற்றமென்பது பொருந்தாது. யாவும் குற்றமற்றதென்பதும் பொருந்தாது. அறியக்கூடியதை அறியாதிருக்க விரும்புதலே குற்றத்தின் தொடக்கம் என்பது எமது துணிபு. “இது எதற்கு?” என வினவுவதும், விடை ஐயந் தருமாயின் கூலியை இழந்தும் துப்பாக்கியைப் பழுதுடனேயே திருப்பிக் கொடுப்பதும் அவனுக்குரிய அறமாகும். வேறொருவன் அதைச் செப்பனிட்டுக் கொடுக்கலாம். அதனால் இவனுடைய கடமை நீங்கிவிடாது.