சூசன்னாவை வரைந்தவள்

ஜெர்மனியில் பொம்மர்ஸ்ஃபெல்டன் என்னும் சிற்றூரின் மாளிகையொன்றில் 'சூசன்னாவும் முதியோரும்' என்ற ஓவியம் இருக்கிறது. வரைந்தவர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி. 1593இல் ரோமில் பிறந்தவர். ஓவியர் ஒராசியோவின் மகள். தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்றவர். ஓவியத்தில் தன் பெயரையும் 1610 என்ற ஆண்டையும் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்க விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் கதை இது. தோட்டத்தில் குளிக்க வரும் சூசன்னாவை இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். ஊருக்கே நீதி சொல்லும் நடுவர்கள் அவர்கள். இணங்காவிட்டால் 'ஓர் இளைஞனோடு இருந்தாய்' என்று பழி சொல்வோம் என மிரட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள். பழி வருகிறது, மரண தண்டனையும் வருகிறது. தானியேல் என்னும் இளைஞன் அவர்களைத் தனித்தனியே விசாரிக்கிறான். எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பிய ஓவியர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். கற்பைப் போற்றும் கதை என்ற பெயரில் பெண்ணின் நிர்வாணத்தை வரைய அது வசதியாக இருந்தது. வியன்னாவில் டின்டரெட்டோவின் சூசன்னா இருக்கிறாள், 1550களில் வரைந்தது. பூவேலி, தண்ணீர், நகைகள், கண்ணாடி. அவள் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலியின் ஓரத்தில் ஒரு முதியவர் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறார். ஓவியத்தின் முன்னால் நிற்கும் நமக்கோ அவரைவிட நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அது அழகான ஓவியம்தான். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அழகை ரசிக்க ஒரு பெண் முதலில் அந்த முதியவரின் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆர்ட்டெமீசியாவின் ஓவியத்தில் தோட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு கல் இருக்கை, அதன் பின்னால் கல் சுவர். சுவரின் மேல் இரண்டு ஆண்கள் சாய்ந்து அவள் தலைமீதே கவிகிறார்கள். ஒருவன் மற்றவன் காதோரம் குசுகுசுக்கிறான். மற்றவன் உதட்டில் விரலை வைத்து 'சத்தம் போடாதே' என்கிறான். சூசன்னாவின் உடல் முறுகித் திரும்புகிறது. இரண்டு கைகளும் முகத்தருகே எழுந்து தடுக்கின்றன. கழுத்திலும் வயிற்றிலும் தோல் மடிகிறது, உண்மையான உடல் திரும்பும்போது மடிவதுபோல. இங்கே எட்டிப் பார்க்க நமக்கு வசதியான இடம் எதுவும் இல்லை.

இந்த ஓவியத்தை வகுப்பில் காட்டும்போது, ஓவியரின் வாழ்க்கையை ஏற்கெனவே படித்த மாணவி யாராவது உடனே சொல்லிவிடுவாள்: "அவங்களுக்கு நடந்ததைத்தான் மேடம் வரைஞ்சிருக்காங்க."

நடந்தது உண்மை. தந்தையோடு வேலை செய்த ஓவியன் அகோஸ்டினோ தாஸ்ஸி அவரை வல்லுறவு செய்தான். 1612இல் வழக்கு நடந்தது. அவர் சொல்வது மெய்தானா என்று சோதிக்க, விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள். வலியிலும் அவர் சொன்னதை மாற்றவில்லை. விவிலியக் கதையில் குற்றம்சாட்டிய ஆண்களின் வாக்குமூலம் சோதிக்கப்பட்டது. ரோமில் முறையிட்ட பெண்ணின் உடல் சோதிக்கப்பட்டது. தாஸ்ஸி குற்றவாளி என்று தீர்ப்பானது. ரோமை விட்டு வெளியேற்றும் தண்டனை பெயரளவில் நின்றுபோனது.

ஆனால் அந்த வன்முறை நடந்தது 1611 மே மாதத்தில். ஓவியத்தில் இருக்கும் ஆண்டு 1610.

ஒரு பெண்ணின் துன்பத்தை அறிந்த பிறகு அவள் படைப்பை எப்படிப் பார்ப்பது நியாயம்? என் கேள்வி இதுதான். பதினேழை ஒட்டிய வயதில் ஒரு பெண்ணால் இவ்வளவு முடியுமா, தந்தையின் கை இருக்கும் என்று அறிஞர்கள் பலர் ஐயப்பட்டார்கள். அவர்கள் ஓவியத்தைத் தந்தைக்குக் கொடுத்தார்கள். அவள் காயத்திலிருந்தே இது பிறந்தது என்று பரிவோடு சொல்லும்போது, அதை அந்தக் காயத்தைச் செய்தவனுக்குக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு முறையும் ஓவியம் அவர் கையை விட்டுப் போகிறது. எல்லாப் பெண்களும் அறிந்த ஒன்றை, தனக்கென்று ஒன்று நேரும் முன்பே ஓர் இளம்பெண் கூர்ந்து பார்த்து வரைந்திருக்க முடியும் என்பதை ஏற்க ஏன் இவ்வளவு தயக்கம்?

பின்னாளில் அவர் வரைந்த 'யூதித் ஹோலோஃபெர்னஸின் தலையைக் கொய்தல்' ஓவியத்தையும் பழிவாங்கல் என்றே சொல்கிறார்கள். உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கும் அதைக் கரவாஜியோவின் யூதித்தோடு சேர்த்துப் பாருங்கள். அவருடைய யூதித் அருவருப்போடு பின்வாங்குகிறாள். கிழப் பணிப்பெண் சும்மா பக்கத்தில் நிற்கிறாள். ஆர்ட்டெமீசியாவிடம் பணிப்பெண் இளையவள். பலம் முழுவதையும் போட்டு அந்த ஆணை அழுத்திப் பிடிக்கிறாள். வலுவான ஒருவனைக் கொல்ல இரண்டு பெண்களின் உழைப்பு வேண்டும் என்று ஓவியர் யோசித்திருக்கிறார். பழிவாங்கல் என்ற ஒற்றைச் சொல்லில் அந்தப் பணிப்பெண்ணுக்கு இடமே இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கபிலர் தலைவியின் குரலில் பாடினால் அது புலமை. அவர் எந்த மலைச்சாரலில் யாருக்காகக் காத்திருந்தார் என்று எவரும் கேட்பதில்லை. வெள்ளிவீதியார் பாடினால் அது அவர் சொந்தக் கதை. இன்றும் கவிதை வாசித்து மேடையிலிருந்து இறங்கினால், "சொந்த அனுபவமா?" என்ற கேள்வி எனக்குத்தான் வருகிறது, என்னோடு வாசித்த ஆண்களுக்கு வருவதில்லை.

அப்படியானால் வாழ்க்கையைப் பேசவே கூடாதா? மறைப்பதும் அநீதிதான். சொந்த வாழ்வே அரசியல் என்று சொல்லித்தான் பெண்கள் இவரை மீட்டெடுத்தார்கள். அந்த வழக்கின் பதிவு நமக்கு வேண்டும். ஆனால் அது தாஸ்ஸியைப் பற்றியும், ரோமின் நீதிமன்றத்தைப் பற்றியும், விரல்கள் இறுகியபோதும் சொல் மாறாத ஒரு பெண்ணின் உறுதியைப் பற்றியும் சொல்லும் பதிவு. ஓவியம் வேறொன்றைச் சொல்கிறது: அவருக்கு என்ன தெரியும், எப்படி யோசித்தார், எதை மாற்றினார். ஒன்றை மற்றொன்றுக்கான சான்றிதழாக ஆக்காமல் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அவர் வாழ்க்கை அந்த வழக்கோடு முடியவில்லை. ஃபிளாரன்ஸ் சென்று, 1616இல் அந்நகர ஓவியக் கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பெண் ஆனார். 1649இல், ஐம்பது வயதைத் தாண்டி, நேப்பிள்ஸிலிருந்து டான் அன்டோனியோ ருஃபோ என்ற செல்வருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் விலையைக் குறைக்க மறுக்கிறார். பெண் மாடல்களுக்கு ஆகும் செலவைக் கணக்குச் சொல்கிறார். முன்கூட்டியே மாதிரி வரைபடம் அனுப்ப முடியாது என்கிறார். அப்படி ஒருமுறை அனுப்பியதை வைத்து வேறொரு ஓவியரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்களாம். அதே ஆண்டில் அவர் வரைந்த இன்னொரு சூசன்னா செக் நாட்டின் புர்னோ நகரில் இருக்கிறாள்.

நாற்பது ஆண்டு இடைவெளியில் வரைந்த இந்த இரண்டு சூசன்னாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழ்க்கைக் குறிப்பைப் பிறகு படிக்கலாம். முதலில் கைகளைப் பாருங்கள்.