எந்த முகத்தை நேசித்தோம்?

பிடித்ததைப் பிறருக்குச் சொல்வது எளிய காரியம் என்றுதான் நெடுநாளாக எண்ணியிருந்தேன். எந்த ஓட்டலில் காப்பி நன்றாக இருக்கும், எந்த நாவலைப் படிக்கலாம், எந்த டாக்டருக்குக் கைராசி அதிகம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் என் தம்பி மகள் கேட்ட ஒரு சின்னக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்துவிட்டது. தூங்கவிடாமல் செய்தது என்பது சற்று மிகைதான். பகல் தூக்கத்தைக் கெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். ஒரு மாலை, “பெரியப்பா, ஸ்ரீதேவி ஸ்ரீதேவின்னு எப்பவும் உருகுவீங்களே, அவங்க நடிச்சதிலே நான் பார்க்க வேண்டிய படமா எழுதிக் கொடுங்களேன்” என்றாள்.

உடனே காகிதத்தை எடுத்தேன். ‘16 வயதினிலே’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘ஜானி’, ‘மூன்றாம் பிறை’ என்று வரிசையாக எழுதிப் பேனாவை மூடினேன். அவள் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“எல்லாம் 1982ஓட நின்னுபோச்சே! அதுக்கு அப்புறம் அவங்க நடிக்கலையா?”

“நடித்தார். இந்தியிலும் தெலுங்கிலும்.”

“நீங்க பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

“நல்லா இல்லையா?”

நன்றாகத்தான் இருந்தன. பிறகு ஏன் எழுதவில்லை? அதற்கு என்னிடம் பதில் இல்லை. “அப்புறம் சொல்கிறேன்” என்று நழுவிவிட்டேன். வயதானவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு.

ஒரு சினிமா நடிகையை வைத்துக்கொண்டு தர்மவிசாரம் செய்வதா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பெரிய கேள்விகள் எல்லாம் பெரிய வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

சிவகாசிக்கு அருகில் உள்ள மீனம்பட்டியில் 1963ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்ரீதேவி. 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்தில் பால முருகனாக வந்தார். 1977இல் ‘16 வயதினிலே’ வந்தபோது, மயில் மயில் என்று நாங்கள் கொண்டாடிய அந்தப் பெண்ணுக்கு உண்மையில் வயது பதினான்குதான். கல்லூரி விடுதியில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்த எங்களில் ஒருவன்கூட அதை நினைத்துப் பார்க்கவில்லை. ‘நம்ம ஊர்ப் பெண்’ என்றோம். அந்த ‘நம்ம’ என்ற சொல்லில் எத்தனை உரிமை!

பிறகு 1983இல் ‘ஹிம்மத்வாலா’ என்ற இந்திப் படம் வந்தது. பம்பாய்க்காரர்கள் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டோம், யாரோ ஒருவருடைய பெட்டி படுக்கையைப் பற்றிப் பேசுவதுபோல. 1986இல் வந்த ‘நான் அடிமை இல்லை’ படத்துக்குப் பிறகு நெடுங்காலம் தமிழ்த் திரையில் அவரைக் காணோம். எனக்குக் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள நான் யார் என்று மட்டும் தோன்றவில்லை. அன்பின் பெயரால் வரும் கோபத்துக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை.

தம்பி மகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ‘மூன்றாம் பிறை’யின் முடிவு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. விபத்தினால் மனத்தளவில் குழந்தையாகிவிட்ட பெண்ணை ஒருவன் பாதுகாக்கிறான். சிகிச்சையால் அவள் தெளிவு பெறுகிறாள். பழைய நினைவு வந்ததும் அவனை மறந்துபோகிறாள். அவள் ரயிலில் போக, அவன் குரங்குபோல் ஆடிக் காட்டித் தன்னை நினைவூட்டப் பார்க்கிறான். அன்று தியேட்டரில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன்.

யாருக்காக அழுதோம்? நின்றுவிட்ட அவனுக்காக. அது தவறில்லை. ஆனால் அந்த ரயிலில் போகிறவள் நோய் தீர்ந்து, தன் பெயரையும் பெற்றோரையும் திரும்பப் பெற்றுக்கொண்டு போகிறாளே, அவளுக்காக அந்தக் கொட்டகையில் ஒருவராவது மகிழ்ந்தோமா? அவள் குழந்தையாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் உள்ளூர ஏங்கினோம். நாம் நேசிக்கும் ஒருவர் குணமடைந்ததற்காக வருந்துகிற நேசமும் உலகில் உண்டு போலும்!

ஸ்ரீதேவி விஷயத்தில் நான் செய்ததும் அதுதான். அவர் வளர்ந்து போய்விட்டார். நான் பிளாட்பாரத்தில் நின்று முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பட்டியல் 1982இல் நின்றதன் காரணம் அதுவே.

ஆகவே இரண்டாவது பட்டியல் ஒன்று எழுதினேன். 1990 முதல் 1993 வரை வந்த ஐந்து படங்கள். லீவில் மிச்சமிருந்த இரவுகளில் அவற்றை இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

முதலாவது, 1990இல் வந்த ‘ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி’ என்ற தெலுங்குப் படம். இந்திரன் மகள் பூமிக்கு வந்த இடத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, அது இல்லாமல் திரும்பிப் போக முடியாமல் திண்டாடுகிறாள். அம்புலிமாமாக் கதைதான். இளையராஜாவின் இசை ஒரு காரணம். தேவலோகத்துப் பெண்ணின் கர்வத்தையும் பேதைமையையும் ஸ்ரீதேவி ஒரே முகத்தில் வைத்துக் காட்டுவது இன்னொரு காரணம்.

இரண்டாவது, 1991இல் ராம்கோபால் வர்மா எடுத்த ‘க்ஷண க்ஷணம்’. வேலைக்குப் போய்த் தனியாக வாழும் ஒரு சாதாரணப் பெண், வங்கிக் கொள்ளைக்காரர்கள் தேடும் ஒரு துண்டுச் சீட்டினால் ஓட ஓட விரட்டப்படுகிறாள். படம் முழுவதும் அவர் பயப்படுகிறார். அதிலே எத்தனை வகைப் பயம்! வாய்விட்டு அலறும் பயம், அசட்டுச் சிரிப்பாக வெளிப்படும் பயம், பக்கத்தில் இருப்பவன்மேல் எரிச்சலாகத் திரும்பும் பயம். தாம் அழகாகத் தெரிகிறோமா என்ற கவலையை ஒரு நடிகை விட்டுவிட்டால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இந்தப் படம் போதும். ஆந்திர அரசின் நந்தி விருது அவருக்கு இதற்காகக் கிடைத்தது.

மூன்றாவது, 1992இல் வந்த ‘குதா கவா’. ஆப்கானிஸ்தானத்தில் எடுத்த காட்சிகள் உண்டு. தன் தந்தையைக் கொன்றவன் தலையைக் கேட்கும் பேநசீராகவும், அவள் மகள் மெஹந்தியாகவும் இரண்டு வேடம். படம் நீளம், உரத்த குரலில் பேசுகிறது. ஆனாலும் கணவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து புத்தி பேதலித்துப் போகும் பேநசீரை மறக்க முடியவில்லை.

நான்காவது, 1993இல் மகேஷ் பட் எடுத்த ‘கும்ராஹ்’. நம்பிய காதலனே சரக்கைப் பெட்டியில் வைத்துவிட, போதைப்பொருள் கடத்தியதாக ஹாங்காங் சிறையில் அகப்படும் பாடகி. நிரபராதியின் திகைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைப் பார்க்கலாம்.

ஐந்தாவதைக் கடைசி இரவுக்கு வைத்திருந்தேன். யஷ் சோப்ரா 1991இல் எடுத்த ‘லம்ஹே’. அதைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

லண்டனில் வளர்ந்த வீரேன் ராஜஸ்தானத்துக்கு வருகிறான். தன்னைவிட மூத்தவளான பல்லவியை மனத்துக்குள் காதலிக்கிறான். அவள் வேறொருவனை மணந்து, ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுக் கணவனோடு விபத்தில் இறக்கிறாள். குழந்தையை வீரேனுடைய வீட்டில் ஓர் அம்மாள் வளர்க்கிறாள். வஹீதா ரெஹ்மான் அந்த வேடத்தில் வருகிறார். குழந்தை பூஜா வளர்ந்து அச்சு அசல் தாயைப்போலவே நிற்கிறாள், வீரேனைக் காதலிக்கிறாள். அவன் பதறுகிறான். கடைசியில் ஏற்றுக்கொள்கிறான். தாய், மகள் இருவருமே ஸ்ரீதேவிதான்.

வெளிவந்தபோது படம் இந்தியாவில் ஓடவில்லை. வளர்த்தவன் ஸ்தானத்தில் இருப்பவனை ஒரு பெண் மணப்பதா என்று மக்கள் ஒதுக்கினார்கள். பிலிம்ஃபேர் விருதுகளில் மட்டும் சிறந்த படம், சிறந்த நடிகை என்ற கௌரவங்கள் கிடைத்தன.

என் தம்பி மகளும் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. “பெரியப்பா, வயசு வித்தியாசத்தை விடுங்க. அம்மா முகம் அவளுக்கு இல்லைன்னா, அந்த ஆள் அவளைத் திரும்பிப் பார்த்திருப்பானா?”

இதைவிட நல்ல விமரிசனத்தை நான் படித்ததில்லை. உண்மையில் கதை இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. முடிவை அவசரமாக மங்களம் பாடி முடித்துவிடுகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. பிடித்த படத்தின் குறையை மறைத்துச் சிபாரிசு செய்கிறவன், கேட்டவரையும் ஏமாற்றுகிறான், தன் பிரியத்தையும் அவமதிக்கிறான்.

ஆனால் கதை சொல்லாத பதிலை நடிகை சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். வீரேனுடைய அறையில் கிடைக்கும் ஓவியத்தைப் பூஜா தன்னுடைய படம் என்றே நினைத்து மகிழ்கிறாள். பிறகுதான் அது தாயின் படம் என்று தெரிகிறது. தன் முகமே தனக்குச் சொந்தமில்லை என்று அறிகிற ஒரு பெண்ணின் அவமானத்தை எண்ணிப் பாருங்கள்! அந்த இடம்வரை ஸ்ரீதேவி என்ன செய்திருக்கிறார்? பல்லவியை நிதானமும் முதிர்ச்சியும் உள்ளவளாகவும், பூஜாவை ஓயாமல் பேசும் துடுக்குக்காரியாகவும் நம் மனத்தில் நிறுத்திவிட்டார். ஆகவே வீரேன் குழம்பினாலும் நாம் குழம்புவதில்லை. ‘இவள் வேறு ஒருத்தியடா, கண்ணைத் திறந்து பார்’ என்று அவனிடம் கத்தத் தோன்றுகிறது.

அப்படிக் கத்தத் தோன்றிய மறுகணம் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மட்டும் என்ன? வளர்ந்த பெண்ணிடம் மயிலின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தவன்தானே!

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீதேவி இந்திக்குப் போன புதிதில் திரையில் தெரிந்தது அவர் முகம். கேட்டது வேறு ஒருவர் குரல். 1989இல் வந்த ‘சாந்தினி’யில்தான் இந்தியில் முதல்முதலாகத் தம் சொந்தக் குரலில் பேசினார். முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த உலகம், குரலையும் கேட்க ஆரம்பித்த காலம் அது. அந்தக் குரலோடு வந்தவைதான் நான் சொன்ன இந்திப் படங்கள்.

‘லம்ஹே’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தந்தை காலமானார். ஊருக்கு வந்து காரியங்களை முடித்துக்கொண்டு திரும்பிப் போனவர், நகைச்சுவைக் காட்சியில் நடித்தார். இதை நான் சொன்னபோது படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்; நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டோம்.

“இது தெரிந்த பிறகு சிரிக்கலாமா?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “சிரிக்கலாம் பெரியப்பா. நாம சிரிக்கணும்னுதானே அவங்க அவ்வளவு கஷ்டத்தோட வந்து நடிச்சாங்க? சிரிக்கிறதுதான் மரியாதை. ஆனா அந்தச் சிரிப்பை வெச்சு, அவங்களையே நமக்குத் தெரியும்னு நினைச்சுக்கக் கூடாது.”

2018 பிப்ரவரி 24ஆம் தேதி துபாயில் ஸ்ரீதேவி மறைந்தபோது, சில தொலைக்காட்சிகள் அவருடைய கடைசி நிமிஷங்களைக் கூறுபோட்டு நாட்கணக்கில் விற்றதை நான் மறக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அவரை நேசித்தவர்கள்தாம். எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்கள். உரிமை என்று தொடங்கிய நேசம் போய்ச் சேருகிற இடம் அது.

அப்படியானால் முகத்தில் மயங்குவதே பாவமா? அப்படியும் நான் சொல்லமாட்டேன். யாரை நேசித்தாலும் முகத்தில்தான் தொடங்குகிறோம். தாய்கூடக் குழந்தையின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறாள். தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் பிசகு. நாம் நேசிப்பவர் நாளைக்கு இன்னொருவராக மாறுவார். நாம் இல்லாத ஊரில், நமக்குப் புரியாத மொழியில்கூட வாழ்வார். அதைப் பார்த்து, ‘ஆகா, இவள் இப்படியும் ஆனாளா!’ என்று ஆச்சரியப்பட முடிந்தால் அது அன்பு. ‘பழைய மாதிரி இல்லையே’ என்ற பெருமூச்சு மட்டுமே வந்தால், நாம் நேசித்தது அவரை அல்ல; அவரைப் பார்த்தபோது இருந்த நம் இளமையை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பி மகள் வீட்டுக்கு வந்த முதல் நாளே நான் சொன்ன வார்த்தை, “நீ பழைய மாதிரி இல்லையே அம்மா” என்பதுதான். ‘மூன்றாம் பிறை’யை என் மடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பாதியில் தூங்கிப்போன ஆறு வயதுக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். என் எதிரில் இருந்தவளோ எனக்கு ஒரு படத்தை விளங்கவைத்த பெண். பத்து நாளில் ஒன்பது நாள் அவளை நான் பார்க்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

லீவு முடிந்து ரயிலேற்றிவிடப் போனேன். வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். உடனே செல்பேசியை எடுத்து யாருடனோ எனக்குத் தெரியாத மராத்தியில் பேசிச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் குரங்கு வித்தை எதுவும் காட்டவில்லை. வண்டி கண்ணுக்கு மறையும் வரையில் நின்று பார்த்தேன். நல்ல பெண்ணாக வளர்ந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.