வலது கண்

"கண்ணத் தொறந்துட்டா அதுக்கு யாருப்பா சோறு போடுவா?"

குருவிநத்தத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டது. ஆற்றங்கரைப் பனைகளில் நாற்பது வருடம் ஏறிக் கள் இறக்கியவர். வேலியோரம் நின்று நான் செதுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கேட்டார், பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார். அப்போது என் கையில் கால் அங்குல உளி. எதிரே மூன்றடி உயரப் பனந்துண்டு. மூக்கு, வாய், இடது கண் மூன்றும் முடிந்திருந்தன. வலது கண் பென்சிலில் போட்ட வட்டமாக இருந்தது. ஆறு மாதமாக அது வட்டமாகவே இருக்கிறது.

மரம் வந்த கதை சின்னது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. கரை அறுந்ததில் ஒரு பனை சாய்ந்தது. வைரம் பாய்ந்த அடிமரத்தைக் கைமரத்துக்கு அறுத்துப் போனார்கள். நுனிப்பக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஒரு கோடை முழுக்க நிழலில் காயவைத்தேன்.

என்ன செதுக்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. அம்மாவழி மாமா ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் இன்றும் அப்படித்தான் சொல்வோம். தாஹித்தித் தீவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தபோது ஒரு சாண் உயர மரப்பொம்மை கொண்டுவந்தார். அதன் பெயர் திக்கி என்றார். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. தலையில் பாதி கண். வயிற்றின் மேல் இரண்டு கை. மாமா வீட்டு அலமாரியில் பிரெஞ்சு மெடல்களுக்கு நடுவே அது நின்றது. சின்ன வயதில் அந்த வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். என் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு ஐம்பது வயதில்தான் மரம் கிடைத்தது.

பனையைச் செதுக்குவது வேம்பையோ பூவரசையோ செதுக்குவதுபோல் இல்லை. மற்ற மரங்களுக்குள்ள வளையம் இதற்குக் கிடையாது. ஓரம் முழுக்கக் கறுப்பு நார், இரும்பு மாதிரி. உள்ளே போகப் போக இளகி, நடுவில் பொதபொதவென்று இருக்கும். மேல்பட்டையில் உளி மழுங்கும், கொட்டாப்புளி எகிறும், விரலில் சிலாம்பு ஏறும். முகத்தில் ஆழமாகத் தோண்ட வேண்டிய இடம் கண். இடது கண்ணைத் தோண்டும்போது கறுப்பைத் தாண்டி உளி சட்டென்று உள்ளே இறங்கியது. வெளுத்த தூள் கொட்டியது. மரத்தின் நடுவில் இருக்கும் அந்த மெத்தென்ற பகுதிக்கும் தமிழில் சோறு என்றுதான் பெயர். அதைப் பார்த்துத்தான் பெரியவர் கேட்டாரா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இல்லை. அவர் கேட்டது நேரடியான கேள்வி. கண் திறந்ததற்குப் பசிக்கும். அவ்வளவுதான்.

பாட்டி ஞாபகம் வருகிறது. பனம்பழம் சப்பி முடித்த கொட்டைக்கு நார் தாடிபோலத் தொங்கும். கழுவிக் காயவைத்துச் சீப்பால் வாருவேன். அடுப்புக்கரியால் இரண்டு கண் வைத்தால் தாத்தா தயார். மற்ற கொட்டைகளைப் பாட்டி கிழங்குக்காக மண்ணில் புதைப்பாள். ஒரு வருடம் என் தாத்தாவும் அதோடு சேர்ந்து குழிக்குள் போய்விட்டார். மார்கழியில் கிழங்கு பிடுங்கிக் கொட்டைகளை அரிவாளால் வெட்டித் தவுன் எடுத்துக் கொடுத்தாள். அந்த வருடம் நான் தவுன் தின்னவில்லை. எந்தக் கொட்டை அவர் என்று தெரியாதே, மண்ணுக்குள் கரி அழிந்திருக்குமே என்று அழுதேன். "கண்ணு வச்ச கொட்டைய ஏண்டா என்கிட்ட குடுத்த?" என்று பாட்டி அதட்டினாள். அந்த அதட்டலிலும் ஒரு பயம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

எங்கோ படித்ததும் நினைவில் நிற்கிறது. ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து, தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் சிலை செய்வது பற்றி ஓர் இடம். கண் வைக்கும்வரை அது வெறும் உலோகம்தான், பட்டறையில் எப்படி வேண்டுமானாலும் உருட்டிப் போடுவார்கள். கண் வைத்த பிறகுதான் அது கடவுள். கண் வைக்கும் அந்தச் சடங்கில் சிற்பி நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக் கண் எழுதுவார். சிலையின் முதல் பார்வையைத் தாங்க முடியாது என்ற நம்பிக்கை. நம் ஐயனார் குதிரைக்கும் கடைசியில்தான் கண் திறப்பார்கள். பசிபிக்கின் ஈஸ்டர் தீவில் கல்மனிதர்களை மேடையில் நிறுத்திய பிறகுதான் கண்குழி வெட்டினார்கள். அதில் பொருத்திய வெள்ளைப் பவளக் கண்ணின் துண்டுகள் 1978இல் அனகேனாக் கடற்கரையில் கிடைத்தன. மலைக்குவாரியில் பாதியில் நின்றுவிட்ட சிலைகளுக்கு இன்றும் கண் இல்லை.

பார்க்க வைப்பது என்பது கடன்படுவது. இத்தனை ஊர்க்காரர்கள் கடல் தாண்டிக் கடல் தாண்டி இதே இடத்தில் கையை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் பெரியவரின் கேள்வி அவருடையது மட்டும் இல்லை.

ஆனால் மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூதான் உண்டு, கண் இல்லை. அவரையும் சாமி என்றுதான் கும்பிடுகிறோம். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால் குன்றிமணியில் கண், உடனே கொழுக்கட்டை. மூன்றாம் நாள் பெண்ணையிலோ ஏரியிலோ கரைத்துவிடுகிறோம். கண்ணும் வைத்து, சோறும் போட்டு, வழியனுப்பவும் நமக்குத் தெரிந்திருக்கிறது. பனங்கட்டைக்கு அப்படி ஒரு மூன்றாம் நாள் கிடையாது. கரையாது. திண்ணையில் நிற்கும், கறையான் வரும், எனக்குப் பிறகு யாராவது அடுப்பில் வைப்பார்கள். மார்க்கெசாஸ் தீவுகளில் மூதாதையாக நின்ற திக்கிக்கும் அமெரிக்காவில் சோறு போட ஆளில்லாமல் போனது. அங்கே பனைமரத்துண்டில் அதே முகத்தைச் செதுக்கி மதுக்கடை வாசலில் நிறுத்தினார்கள். அந்த முகத்துக்குப் படையல் வைத்தவர்கள் வேறு கடலில் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. நான் செய்வது மட்டும் வேறா?

இந்தக் கேள்வியை மரத்தோடு நிறுத்த முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். ஏழு பேர் வந்தார்கள். மூன்று மாதத்தில் வேலை மாறியது, நிறுத்திவிட்டேன். ஒரு பையன் மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனான் என்று அம்மா பிறகு சொன்னாள். ஆரம்பிக்காமலே இருந்திருந்தால் அவன் வந்து காத்திருந்திருக்க மாட்டான். ஆரம்பிக்காமலே இருந்திருந்தால் அவனுக்குப் பின்னக் கணக்கும் வந்திருக்காது. இதில் எது பெரியது என்று என்னால் எடைபோட முடியவில்லை. யார் சோறு போடுவது என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்தால் யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். பிள்ளை பெற மாட்டார்கள், மரம் வைக்க மாட்டார்கள். அதே சமயம், தொடங்கிவிட்டுப் போய்விடுகிறவனை நான் நல்லவன் என்று சொல்லத் தயாராக இல்லை.

பெரியவரிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை கள்ளுக்கடைப் பக்கம் போனேன். ஒருமுறை அவர் இல்லை. இன்னொரு முறை இருந்தார். "என்னப்பா, பொம்ம முடிஞ்சிதா?" என்றார். "இல்ல பெரியப்பா, ஒரு கண்ணு பாக்கி" என்றேன். "சரி" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அந்தச் 'சரி' செய் என்பதா, விடு என்பதா, கேட்டது அவருக்கே மறந்துவிட்டதா, தெரியவில்லை.

ஒற்றைக் கண்ணோடு அது திண்ணை மூலையில் நிற்கிறது. கறையான் ஏறாமல் இருக்க அடியில் வேப்பெண்ணெய் தடவுகிறேன். போன வாரம் ஈரத்தில் பென்சில் வட்டம் மங்கியிருந்தது. அதே இடத்தில் மறுபடி வரைந்து வைத்தேன்.