பிள்ளைக்கு எழுதும் ஷரத்து

புத்திரனுக்கு வீட்டை எழுதிவைக்கும் பிதா, ‘ஆயுள் உள்ளவரை எங்களை ரக்ஷிக்க வேண்டும்’ என்று பத்திரத்தில் ஒரு ஷரத்துச் சேர்ப்பது வாத்ஸல்யத்துக்குக் குறைவாகுமோ என்று ஐயுறுவோர் பலர். வரையறையின்றி வரமளித்த தசரத சக்கரவர்த்தி பட்ட பாட்டை அவர்கள் நினைப்பதில்லை.

உயிலை, எழுதியவர் உயிருள்ளளவும் மாற்றலாம். பதிவான தானபத்திரம் அப்படியன்று. வீடு அன்றே கைமாறிவிடுகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெற்றவன் பின்பு மறுத்தால், அக்கொடையைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்பது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அந்நிபந்தனை இருந்ததென்பது நிரூபணமாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022-இல் கூறிற்று. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாயார் ஒருவருக்கு, மகனுக்குக் கொடுத்த சொத்தை அதே நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. தானபத்திரத்திலேயே பராமரிப்பைப் பற்றிய வாசகம் இருந்தது அவருக்குத் துணையாயிற்று.

நல்ல பிள்ளைக்கு ஷரத்து பாரமன்று; அவன் செய்யப்போவதையே அது சொல்லுகிறது. பிள்ளை மனம் நோவானென்று அஞ்சி எழுதாது விடுபவர், தமக்குப் பின் தனித்திருக்கப்போகும் பத்தினியை மறந்துவிடுகிறார். அவள் ஆயுட்காலம் அவ்வீட்டில் வசிக்கும் உரிமையையும் அதே பத்திரத்தில் எழுதலாம். பிள்ளையையும் மாட்டுப்பெண்ணையும் எதிரில் அமர்த்தி, உரக்கப் படித்துக் காட்டியே எழுதலாம்.